இடப்பக்கம் சாயும் மீன்

மார்ச் 4

அக்காவுக்கு,

மகளின் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பெட்டி போன வாரம் வந்தது. கையடக்க விளையாட்டுக் கருவி, அதற்குள் உங்கள் கம்பெனியின் புதிய விளையாட்டு. விநோதமான பிராணிகளைத் தேடிப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிடுகிற விளையாட்டு என்று மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். அந்தப் பிராணிகளை உருவாக்கும் இடத்தில்தான் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள் என்பது அவள் வகுப்பு முழுவதற்கும் இப்போது தெரியும். அத்தை புராணம் தாங்க முடியவில்லை.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நன்றி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளும் அவள் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, இங்க வாங்களேன். இந்த மீனுக்கு நேரா நிக்கவே தெரியல" என்றாள். திரையில் ஒரு முள் மீன். பெயர் முள்ளுருண்டையாம். பயந்தால் பந்துபோல ஊதிக்கொள்கிறது. ஊதியதும் இடப்பக்கம் சாய்ந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய, வாலை மட்டும் படபடவென்று அடிக்கிறது. கீழே போகப் பார்க்கிறது, முடியவில்லை, மறுபடி மேலே வந்துவிடுகிறது. மகள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி அதை ஊதவைத்துச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது முள்ளுருண்டை இல்லை அக்கா, மேஸ்திரி. தொட்டிக்குள் எங்கே எந்தக் கல் நகர்ந்தாலும் உடனே போய் மேற்பார்வை பார்க்கும் என்பதால் நான் வைத்த பெயர். பதினோரு வருடம் என் கையில் தின்ற மீன். அதன் புள்ளிகளைக்கூட நீங்கள் மாற்றவில்லை. வலது கண்ணுக்குக் கீழே அந்த மூன்று புள்ளி அப்படியே இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மீன் காட்சியகத்துக்கு வார விடுமுறை நாளில் கேமராவோடு வந்தீர்கள். வெளியாட்களை விடக்கூடாது என்று தெரிந்தும் பின்கதவைத் திறந்துவிட்டேன். அன்று நீங்கள் எடுத்தது ஒரு மீன் விளையாடுகிற படம் அல்ல. அது சாகத் தொடங்கிய படம். அதற்குப் பிறகு நான் தொட்டியைத் தொடவில்லை. வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மீனை என் வீட்டுக்கே பளபளக்கும் காகிதம் சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

போனில் பேசினால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், நானும் அதில் கரைந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இனி பரிசு எதுவும் அனுப்ப வேண்டாம்.

தம்பி


மார்ச் 15

என் உம்மணாமூஞ்சித் தம்பிக்கு,

நீங்களாமே! ஆறு வயது மூத்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் உனக்கு என்றைக்கடா "நீங்கள்" ஆனேன்? எட்டுத் தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. சரி, துரை காகிதத்தில்தான் பேசுவார் என்றால் நானும் காகிதத்துக்கே வருகிறேன். தபால்தலை எங்கே கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

நீ நினைப்பதுபோல எதுவும் இல்லை. மேஸ்திரி எனக்கும் பிடித்த மீன்தான். அது செத்துப்போனதாக நீ சொன்னபோது, நான் எடுத்த படம் ஏற்கெனவே பிராணிகளுக்கு அசைவு கொடுக்கும் பிரிவுக்குப் போய்விட்டிருந்தது. பார்த்துவிட்டுச் சொக்கிப்போனார்கள். மொத்தம் நூற்று முப்பது பிராணிகள். குழந்தைகளுக்கு அதிகம் பிடித்தது இதுதான், தெரியுமா? பென்சில் டப்பாவில், தலையணை உறையில், பல் துலக்கும் பிரஷ்ஷில்கூட வந்துவிட்டது. ஒரு தொட்டி மூலையில் கிடந்த மீன் இன்றைக்கு எத்தனை குழந்தைகள் கையில்! நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். முட்டாள் நான்.

விளையாட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதை எழுதுவதுதான் என் வேலை. முள்ளுருண்டைக்கு எழுதியதைக் குட்டியைப் படித்துக் காட்டச் சொல். "பயந்தால் ஊதும். ஊதினால் இடப்பக்கம் சாயும். எதையும் மறக்காது, ஆனால் யார் மேலும் கோபப்படாது." யாரை நினைத்து எழுதினேன் என்று நினைக்கிறாய்? மீனையா? கோபம் வந்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நிற்பாயே, அந்தப் பயலை நினைத்து எழுதினேன். அரை மணி நேரம் கழித்து "அக்கா, பசிக்குது" என்று வருவாய். அந்தத் தம்பி எங்கே போனான்?

ஒரு மூன்று நொடி தண்ணீருக்கு வெளியே தூக்கியிருப்பேன். மூன்று நொடிக்கு மூன்று வருடமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது? போதும்டா.

குட்டிக்கு முத்தம். உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

"தூக்கியிருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று வருடத்தில் நீங்கள் அதை ஒத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சண்டைக்கு அல்ல, ஒரு உதவிக்கு.

எங்கள் காட்சியகத்து டாக்டரம்மாவை உனக்குத் தெரியாது. மேஸ்திரியை அறுத்துப் பார்த்தவர் அவர்தான். வயிறு நிறையக் காற்று. அந்த வகை மீன் தண்ணீருக்குள் இருக்கும்போது பயந்தால் தண்ணீரைக் குடித்து ஊதும், பயம் போனதும் துப்பிவிடும். வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும். விழுங்கிய காற்றை வெளியேற்றத் தெரியாது. தொட்டி வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. "பதினோரு வருஷமா பார்த்துக்கிறவர் இதைப் போய் வெளியே தூக்குவாரா?" என்று அன்றைக்கே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் பை அறைக்கு வந்தார். அவர் மகள் கையிலும் அதே விளையாட்டு. "இடது பக்கமா சாஞ்சு, வாலை மட்டும் அடிச்சுக்கிட்டு... நம்ம மேஸ்திரி கடைசி மூணு நாள் இப்படித்தானே நீந்துச்சு? நீங்களும் நானும்தான் பார்த்தோம். படம் வரைஞ்சவங்க எங்கே பார்த்தாங்க?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முயற்சியில் மே 12 அன்று நிர்வாகக் குழு என் விஷயத்தை மறுபடி எடுக்கிறது. விடுமுறை நாளில் ஆளை உள்ளே விட்டது ஒரு எச்சரிக்கையோடு போய்விடுமாம். பிராணிக்குத் தீங்கு செய்தவன் என்று பதிவாகியிருப்பதுதான் என்னைத் தொட்டிப் பக்கம் விடாமல் வைத்திருக்கிறது. அது நீங்கினால் நான் திரும்பப் போகலாம். விளையாட்டைக் குழுவுக்கு முன்னால் போட்டுக் காட்டுகிறேன், அந்தச் சாய்வை அவர்களே பார்க்கட்டும் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் அது மட்டும் போதாது, தூக்கியவர் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்கிறார்.

நீ எழுத வேண்டியது இவ்வளவுதான். "பம்பு சத்தம் பதிவில் விழுகிறது என்று தம்பியை அதை நிறுத்த அனுப்பினேன். அவன் கீழே போயிருந்தபோது, கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால், மீனை நான் வலையில் வெளியே தூக்கினேன்." அவ்வளவுதான். பம்பு அறைக்கு இருபத்திரண்டு படி. இறங்கி, நிறுத்தி, ஏறி வந்தேன். வந்தபோதும் வலை மேலேதான் இருந்தது. கேமராவுக்கு முன்னால் நீ அதை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாய். தண்ணீரில் விட்டபின் அது சாய்ந்து தத்தளித்ததையும் படம் எடுத்தாய். மூன்று நொடி இல்லை அக்கா. எத்தனை நொடி என்று எழுத வேண்டாம். தூக்கினேன் என்று மட்டும் எழுது.

அன்று எடுத்த படம் இருந்தால் அதையும் அனுப்பு.

நீங்கள் என்று தொடங்கி நீ என்று வந்துவிட்டது. இருக்கட்டும்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

பத்து நாளாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

படம் இல்லை. வேலை முடிந்ததும் பழைய பதிவுகளை அழித்துவிடுவார்கள்.

நீ கேட்கிறபடி எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? விளையாட்டைத் திறந்ததும் "எந்த உயிருக்கும் துன்பம் தராமல் உருவாக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். குட்டியிடம் கேட்டுப் பார். அந்த வரியை எழுதியதும் நான்தான். அடுத்த பாகத்துக்கு என்னைத் தலைமைப் பொறுப்பில் போடப்போகிறார்கள். ஐம்பதை நெருங்குகிறேன். எனக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? கதவைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன காபி டம்ளர் அதே இடத்தில் இருக்கும். எனக்கென்று இருப்பது இந்த நூற்று முப்பது பிராணிகள்தான். உனக்காவது சிரிக்கவும் சண்டை போடவும் ஆள் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். அன்று கதவைத் திறந்தது யார்? வலையை என் கைக்கு எட்டும்படி மாட்டிவிட்டுப் போனது யார்? வெளியே தூக்கக்கூடாது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் என்ன மீனைப் பற்றிப் படித்தவளா? பதிவேட்டில் "என் கை தவறியது, வேறு யாரும் இல்லை" என்று எழுதியது உன் கை. எழுதச் சொல்லி உன்னை யார் கேட்டது? நீயாகத் தியாகம் செய்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வந்து அதைத் திருப்பிக் கொடு என்கிறாய்.

வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியை நீ உடைத்தபோது, நான்தான் உடைத்தேன் என்று சொல்லி அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கினேன். அதை என்றைக்காவது எழுதிக் கேட்டிருக்கிறேனா?

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தச் சாய்வு உன்னை எவ்வளவு குத்தியிருக்கிறது என்று இப்போது புரிகிறது. என் கையில் இருப்பதைச் செய்கிறேன். பொறு.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

எழுதச் சொல்லி யார் கேட்டது என்கிறாய். நீ திரும்பிப் போன இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன் செய்தாய். "என் பேரு எங்கேயும் வர வேண்டாம்டா, இந்த மாசம்தான் வேலையை நிரந்தரம் பண்றாங்க" என்றாய். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு "சரிக்கா" என்றேன். காலை ஏழு மணிக்கு நான் ஏன் காட்சியகத்தில் இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை.

மேஸ்திரியை இரண்டு கையாலும் தண்ணீருக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். தலை மேலே இருக்கும்படி பிடித்து வயிற்றை மெல்ல நீவிவிட்டால் காற்று குமிழ் குமிழாக வாய்வழியே வந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் வந்தது. மிச்சம் வரவில்லை. கையை எடுத்தால் இடப்பக்கம் சாய்ந்து மேலே போய்விடும். தண்ணீருக்கு வெளியே தெரிந்த வயிறு காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மூன்று நாள். நத்தை ஓடு என்றால் பாய்ந்து வரும், அந்த ஓட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பல் நிற்காமல் வளரும். நாற்பது நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விட்டு மயங்கவைத்து நான்தான் நறுக்கிவிடுவேன். மயக்கம் தெளிந்ததும் ஆத்திரத்தில் என் முகத்தைப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சும். நீ எழுதியதுபோல யார் மேலும் கோபப்படாத மீன் இல்லை அது. சரியான கோபக்கார மீன். அந்தக் கடைசி மூன்று நாள் மட்டும்தான் கோபப்படவில்லை.

கதவைத் திறந்தது நான். வலையை மாட்டிவைத்தது நான். சொல்லாமல் இறங்கிப் போனதும் நான்தான். அதையும் சேர்த்தே எழுது, எனக்கு ஆட்சேபணை இல்லை. அக்கா என்றால் என் கை தானாகப் போய்க் கதவைத் திறக்கிறது, அதுதான் நான் செய்த குற்றம். பெல்ட் அடிக்கு ஈடாகத்தான் மூன்று வருடம் பைகளுக்குக் காவல் இருந்தேன் என்று வைத்துக்கொள். இதோடு சரியாகப் போகட்டும்.

மேஸ்திரி இருந்த தொட்டியில் இப்போது ஒரு புது முள் மீன் இருக்கிறது. பல் நறுக்கத் தெரியாதவர்கள் அதன் உதட்டை இரண்டு தடவை கிழித்துவிட்டார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குடைகளுக்கு டோக்கன் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு பக்கம் போதும். மே 12க்குள் கிடைக்க வேண்டும்.

தம்பி


மே 6

என் தம்பிக்கு,

முடித்துவிட்டேன்! முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

மூன்று கூட்டம் நடந்தது. அசைவுப் பிரிவுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். "பசங்களுக்குப் பிடிச்சதே அந்தச் சாய்வுதான், அதுல போய் ஏன் கை வைக்கணும்?" என்றார். நோயில் கிடக்கிற பிராணியைக் கேலி செய்வதுபோல இருக்கிறது, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நானும் விடவில்லை. தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

11ஆம் தேதி எல்லாக் கருவிகளிலும் தானாகவே அப்டேட் வந்துவிடும். அதன் பிறகு முள்ளுருண்டை ஊதும், நேராக நிற்கும், நேராக நீந்தும். குறிப்பிலிருந்து "இடப்பக்கம் சாயும்" என்பதையும் எடுத்துவிட்டேன். கம்பெனி போட்டிருந்த பழைய விளம்பரப் படங்களையும் ஒன்றுவிடாமல் எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி உன் வீட்டு மேஜையில் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். உன் கண்ணிலும் அது படாது.

அந்த ஒரு பக்கத்தைப் பற்றிக் கேட்பாய். எழுத உட்கார்ந்தேன், சத்தியமாக. "நான்" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லை, என்னைத் திட்டு. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையே? என் வேலையில் இதுவரை யாருக்காகவும் இப்படிச் சண்டை போட்டதில்லை. அந்த டாக்டரம்மா நல்லவராகத்தான் தெரிகிறார், உன்னைக் கைவிடமாட்டார்.

இதற்காவது ஒரு தடவை போனை எடுடா. குட்டியின் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

அக்கா


மே 13

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மேஜையில் இருந்தது. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன்.

கூட்டத்தில் ஐந்து பேர். டாக்டரம்மா தன் மகளின் கருவியைக் கொண்டுவந்து சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்தார். "வாலைப் பாருங்க. இடது பக்கம் எப்படிச் சாயுதுன்னு பாருங்க. வயித்துல காத்து போன மீன்தான் இப்படி நீந்தும். எங்கேயோ உட்கார்ந்து கற்பனை பண்ணி இதை வரைய முடியாது. யாரோ அந்த மீனைப் பக்கத்துல நின்னு படம் எடுத்திருக்காங்க" என்று விளக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். மீன் ஊதியது. நேராக நின்றது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நேர்கோட்டில் போனது. மறுபடி அழுத்தினார். ஆறு தடவை அழுத்தினார்.

"நல்லாத்தானே நீந்துது?" என்றார் தலைவர். ஒருவர் சிரித்துவிட்டார். "நேத்து முந்தாநாள் வரைக்கும் சாஞ்சுதுங்க" என்று டாக்டரம்மா சொன்னார். பழைய படம் எங்காவது கிடைக்கும் என்று தேடத் தொடங்கினார். தலைவர் கையை உயர்த்திப் போதும் என்றார். இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த அந்த அம்மா, காது சிவக்கக் கருவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். அன்று உள்ளே வேறு யார் இருந்தது என்று கேட்டார்கள். என் அக்கா என்று சொன்னேன்.

"யாரும் இல்லேன்னு நீங்களே பதிவேட்டுல எழுதியிருக்கீங்க. அவங்க ஏதாவது எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்போ எது பொய்? அன்னைக்கு எழுதினதா, இன்னைக்குச் சொல்றதா?"

என் கன்னம் உப்பியிருந்திருக்கும், நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். விஷயம் முடிந்தது, இனி எடுக்கப்படாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்று காலை டாக்டரம்மா பை அறையைத் தாண்டித்தான் போனார். உள்ளே பார்க்கவில்லை. அவரும் என்னைப் பொய்யன் என்றுதான் நினைக்கிறாரோ என்னவோ.

விளையாட்டைக் குழுவுக்குக் காட்டப்போகிறார் என்று மார்ச் 24ஆம் தேதி கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த இடத்தைப் படிக்காமல் விட்டீர்களா, படித்து மறந்தீர்களா, படித்துவிட்டுத்தான் மூன்று கூட்டம் போட்டீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. நீங்களும் பதில் எழுத வேண்டாம். என்ன எழுதினாலும் நான் நம்பிவிடுவேன். அதுதான் எனக்குப் பயம்.

குறிப்பில் "யார் மேலும் கோபப்படாது" என்பதை அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள். அதையும் எடுத்துவிடுங்கள்.

மேஸ்திரி என்று ஒரு மீன் இருந்ததையும், கடைசியில் உடம்பு முடியாமல் அது அப்படித்தான் நீந்தியது என்பதையும் மகளிடம் போன மாதம் சொல்லியிருந்தேன். யாரால் என்று சொல்லவில்லை. அதிலிருந்து அவள் அதை ஒரு தடவைகூட ஊதவைக்கவில்லை, சண்டைக்கும் அனுப்பவில்லை, தினமும் தீனி மட்டும் போட்டு வந்தாள். நேற்று, குறிப்பில் சாய்வு போயிருப்பதைப் பார்த்து ஒரே ஒரு தடவை ஊதவைத்துப் பார்த்திருக்கிறாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்தாள்.

"அப்பா, மேஸ்திரிக்கு உடம்பு சரியாயிடுச்சு, பாருங்களேன்! அத்தைதானே சரி பண்ணினாங்க?"

ஆமாம் என்றேன். உங்களுக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

தம்பி